முன் சக்கர ஹப்: கையால் பூட்டுவதா, தானாகப் பூட்டிக்கொள்வதா, பூட்டியே விட்டுவிடுவதா?

"அண்ணே, இந்த ஆட்டோ ஹப்பைக் கழட்டிட்டு கையால திருப்புறதைப் போட்டா டீசல் மிச்சமாகுமா?"

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. அன்றிலிருந்து சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறையில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஃபோர் வீல் வண்டியின் முன் சக்கரத்தை இழுவையோடு சேர்க்கவும் பிரிக்கவும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் சாமானைத்தான் இங்கே ஹப் என்கிறோம். கேட்பவர்களில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர்கள் உண்டு, சொந்தமாக ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவர்கள் உண்டு, லிந்தாங், ஜாலோங் பக்கத் தோட்டங்களுக்குத் தினமும் உள்ளே போய் வெளியே வருகிறவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் டீசலில் ஆரம்பித்தால் பொருந்தாத சாமானைத்தான் வாங்குவோம். யார் ஓட்டுகிறார், எந்த மண்ணில் ஓட்டுகிறார் என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எல்லா ஃபோர் வீலுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. 2எச் (பின் சக்கரம் மட்டும்), 4எச் (நான்கு சக்கரமும், சாதாரண கியர்), 4எல் (நான்கு சக்கரமும், மெதுவான கியர்) என்று கியர் போட்டு மாற்றுகிற பார்ட் டைம் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர், பெரோடுவா கெம்பாரா போன்றவை எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடுபவை. அவற்றில் முன் ஹப்பை விடுவித்தால், நடு டிஃபரன்ஷியலை (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியரை) பூட்டாத வரை வண்டி நகரவே நகராது.

## ஹப் என்ன செய்கிறது

2எச்சில் ஓடும்போது எஞ்சினின் இழுவை முன்பக்கம் போவதில்லை. ஆனால் முன் சக்கரங்கள் தரையில் உருள்கின்றன அல்லவா? அவை டிரைவ் ஷாஃப்டோடு இணைந்திருந்தால் சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பும்போதும் இழுவையைக் கடத்தும் மூட்டு), முன் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் கியர்), முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் டிஃபரன்ஷியலுக்கு இழுவையைக் கொண்டு வரும் நீளத் தண்டு) எல்லாவற்றையும் சும்மாவே சுற்றிக்கொண்டு போகும். அந்த இணைப்பைச் சக்கரத்தின் நடுவிலேயே துண்டிப்பதுதான் ஃப்ரீ வீல் ஹப். லாக் என்றால் சக்கரமும் ஷாஃப்டும் ஒன்று. ஃப்ரீ என்றால் சக்கரம் தனி, ஷாஃப்ட் தனி.

1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் இந்த ஹப்பைச் செய்ததும் இதற்காகத்தான். போர் முடிந்து மிஞ்சிய ஜீப்புகளை வாங்கியவர்கள் அவற்றை நல்ல சாலையில் ஓட்ட விரும்பினார்கள்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "லாக்கில் வைத்துத் தார் சாலையில் ஓட்டினால் கியர் உடைந்துவிடும்" என்று பல பேர் சொல்கிறார்கள். உடையாது. காய்ந்த தார் சாலையில் கெடுதல் செய்வது 4எச்தான். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போவதில்லை. நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளுக்குள் முறுக்காக ஏறும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது. ஹப் லாக், கியர் 2எச் என்றால் முன்பக்கச் சாமான்கள் சும்மா சுற்றுகின்றன, அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் யோசனைக்கு இதுவே அடிப்படை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு: சேற்றில் இறங்கிய கணத்தில் முன் சக்கரம் உறுதியாக இழுக்குமா? இரண்டாவது: வண்டியை ஒரே ஆள் ஓட்டுகிறாரா, நாலு பேர் கை மாறுகிறதா? இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். மூன்றாவது: ஒரு நாளைக்கு எத்தனை முறை தாரிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து தாருக்கும் மாறுகிறீர்கள்? நான்காவது தேய்மானம். ஐந்தாவது, கெட்டுப்போனால் இங்கேயே சாமான் கிடைக்குமா, பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடையில்) தேட வேண்டுமா என்பது. டீசலைக் கடைசியில் வைக்கிறேன். காரணம் பிறகு.

## கையால் திருப்பும் ஹப்

சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மூடி, அதில் ஒரு திருகு, இரண்டு எழுத்துக்குறிகள். இறங்கிப் போய்த் திருப்பினால் உள்ளே பல் வைத்த வளையம் ஒன்று நகர்ந்து ஷாஃப்டின் பற்களில் உட்காரும். ஜப்பானின் ஐசின், அமெரிக்காவின் வார்ன், பிரேசிலின் ஏவிஎம் ஆகியவை இங்கே தெரிந்த பெயர்கள்.

இதன் பெரிய பலம் நேர்மை. லாக் என்றால் லாக்தான். முன்னே போனாலும் பின்னே வந்தாலும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் விலகாது. படிப்படியாக வெட்டிய செம்பனைச் சரிவில் குலை ஏற்றிக்கொண்டு 4எல்லில் இறங்குகிறவருக்கு இதன் அருமை தெரியும். இறங்கும்போது பாரம் முன் சக்கரத்தில்தான் அழுத்துகிறது. எஞ்சின் பிடித்து நிறுத்துகிற பலம் அந்தச் சக்கரத்துக்கும் போனால்தான் வண்டி நம் சொல் கேட்கும். பின் சக்கரம் மட்டும் பிடித்தால் ஈர மண்ணில் பின்பக்கம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னும் இரண்டு பலன்கள் வெளியே தெரியாதவை. சிவி ஜாயிண்ட் காட்டுக்குள் உடைந்தால் இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து, பின் சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேரலாம். அடுத்து, ஃப்ரீயில் வைத்துக்கொண்டு 4எல் போட்டால் மெதுவான கியரில் பின் சக்கரம் மட்டும் ஓடும். சிமெண்ட் தரையில் டிரெய்லரைப் பின்னால் நகர்த்த அருமையான வழி. ஆனால் அதில் பாரம் இழுக்காதீர்கள். முழு இழுவையும் பின் ஆக்சில் ஒன்றின் மேல்தான் விழும்.

பலவீனம் மனிதனிடம் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மழையில், ஒரு டன் குலையோடு பழைய ஹைலக்ஸில் சரிவில் நின்றுவிட்டேன். நான் வலது ஹப்பைத் திருப்பினேன், இடது பக்கத்தை அக்காள் மகனிடம் சொன்னேன். "பூட்டிட்டேன் மாமா" என்றான். பொய் சொல்லவில்லை. திருகு நகராத இடம் வரைக்கும் திருப்பியிருக்கிறான். 4எல் போட்டேன், பின் சக்கரம் மட்டும் மண்ணைத் தோண்டியது. டிரான்ஸ்ஃபர் கியர் (இழுவையை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரித்து அனுப்புவது) போய்விட்டது என்றே முடிவு செய்தேன். ஒரு மணி நேரம் மழையில் வண்டிக்கு அடியில் படுத்து லிங்கேஜைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் டார்ச் வெளிச்சம் தற்செயலாக இடது ஹப்பில் விழுந்தது. திருகின் பள்ளத்தில் செம்மண் இறுகிப்போய், குறி இரண்டு எழுத்துக்கும் நடுவே நின்றது. ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் முன் டிஃபரன்ஷியல் இழுவையை எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்கே அனுப்பும். பூட்டாத பக்கத்து ஷாஃப்ட் காற்றில் சுற்றுவதுபோல் சும்மா சுற்றும், பூட்டிய சக்கரம் அசையாது. குச்சியால் மண்ணை நோண்டி எடுத்து விரலால் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். முதல் முயற்சியிலேயே வண்டி ஏறியது.

அன்றிலிருந்து என் வண்டியில் இரண்டு ஹப்பையும் ஒரே ஆள்தான் பூட்டுவார். பூட்டினதும் ஒரு சோதனை. கியர் 2எச்சில் இருக்கட்டும். ஒருவர் சமதரையில் வண்டியை மெதுவாக இரண்டு மீட்டர் உருட்டட்டும், இன்னொருவர் பக்கத்தில் தள்ளி நின்று குனிந்து முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பார்க்கட்டும். அது சுற்றினால் இரண்டும் பூட்டியிருக்கின்றன. சுற்றாமல் நின்றால் ஏதோ ஒன்று பூட்டவில்லை.

திருகு இறுகியிருந்தால் பிளையர் போட்டு முறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய பாகம் ஒடியும். வண்டியை ஒரு அடி முன்னும் பின்னும் அசைத்தால் பற்கள் நேராகி விரலுக்கே இடம் கொடுக்கும். ஹப்புக்குள் கிரீஸை அமுக்கி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய பூச்சுதான் வேண்டும். நிரப்பினால் வளையம் நகராது. நீரோடையில் இறங்கி ஏறுகிறவர்கள் அவ்வப்போது மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடுத்த பலி பேரிங்தான்.

## தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப்

4எச் போட்டு வண்டியை நகர்த்தியதும் முன் ஷாஃப்ட் சுற்றும். அந்தச் சுற்றலே உள்ளே இருக்கும் சரிவான பாகத்தைத் தள்ளி ஹப்பைப் பூட்டிவிடும். விடுவிக்க 2எச்சுக்கு மாற்றிவிட்டு ஒன்றிரண்டு மீட்டர் நேராகப் பின்னால் வர வேண்டும். பழைய பஜேரோ ஓட்டியவர்களுக்கு இந்தப் பின்வாங்கல் பழக்கம்.

மழையில் இறங்க வேண்டாம் என்பது சின்ன வசதி இல்லை. தோட்டத்துக்குள் ஒரு நாளைக்குப் பத்து முறை தாரும் மண்ணுமாக மாறுகிற கிராணிக்கோ மண்டோருக்கோ இது உண்மையான நிம்மதி. மறப்பதற்கும் இடமில்லை.

மறைந்திருக்கும் செலவு பழசாகும்போது வெளியே வரும். உள்ளே ஸ்பிரிங், சிறு பற்கள், சரிவுப் பாகம் என்று நுணுக்கமான சாமான்கள் நிறைய. தடித்த கிரீஸ் போட்டாலே அவை சோம்பிவிடும். பேரிங் மாற்றும்போது கைக்குக் கிடைத்த கிரீஸை இதிலும் அப்பிவிட்டதால் பூட்டாமல் போன ஹப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சில வகைகளில் இழுவையின் திசை மாறும்போது, அதாவது முன்னே போய்ப் பின்னே வரும்போது, ஹப் ஒரு கணம் விலகி மறுபடி பூட்டும். சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கிற நேரத்தில் அந்த ஒரு கணம் இழுவையைக் கெடுக்கும். இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும்போது விலகுகிற வகைகளும் உண்டு. மேலே சொன்ன சரிவில் அது ஆபத்து.

அதனால் தேய்ந்த ஆட்டோ ஹப்பைப் பொத்தோங் கடையில் தேடி இன்னொரு பழைய ஆட்டோ ஹப்பாக மாற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. வாங்குவதும் பழசுதான், அது எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

## எப்போதும் பூட்டியே இருக்கும் ஃபிளேஞ்ச்

ஹப்பே இல்லை. ஷாஃப்டையும் சக்கரத்தையும் ஓர் இரும்புத் தட்டு நிரந்தரமாக இணைத்திருக்கும். பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகள் இப்படித்தான் வந்தன. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களில் இன்னும் உழைக்கிற வண்டிகளில் போய்ப் பாருங்கள்.

மூன்றிலும் பலமானது இதுதான். உடைவதற்கு உள்ளே ஒன்றுமில்லை, மறப்பதற்கும் ஒன்றுமில்லை. டிரான்ஸ்ஃபர் கியரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சீரீஸ் வண்டிகளில் இன்னொரு நன்மையும் உண்டு. முன் சக்கரம் திரும்புகிற சுவிவலின் மேல் புஷ்ஷுக்கு ஷாஃப்ட் சுற்றும்போது தெறிக்கும் எண்ணெய்தான் போகிறது. ஃப்ரீ வீல் ஹப் மாட்டி மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே ஓட்டினால் அந்தப் புஷ் காய்ந்து ஸ்டியரிங் கெடும்.

விலை தேய்மானம். நெடுஞ்சாலையில் ஈப்போ, பினாங்கு என்று ஓடுகிறவருக்குச் சிவி ஜாயிண்டும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நுனி மூட்டான யூ ஜாயிண்டும் எந்த வேலையும் இல்லாமல் அத்தனை கிலோமீட்டரும் சுற்றும். யூ ஜாயிண்டில் ஆட்டம் வந்தால் வேகத்தில் அடித்தளம் அதிரும். வண்டியை உயர்த்தி ஸ்பிரிங் மாற்றியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் ஷாஃப்டின் சாய்வு கூடிவிட்டது. தோட்டத்தைவிட்டு அதிகம் வெளியே போகாத வண்டிக்கு இந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை.

## வேக்குவத்தில் பூட்டுபவை

பல புதிய பிக்கப்புகளில் ஹப்பைத் தொட வேண்டியதில்லை. பட்டனைத் திருப்பினால் வேக்குவமோ மோட்டாரோ முன் டிஃபரன்ஷியல் பக்கத்தில் ஒரு ஷாஃப்டை இணைக்கும், பிரிக்கும். டொயோட்டாவின் ஏ.டி.டி. இந்த வகை. 2018க்குப் பிறகு வந்த சுசுக்கி ஜிம்னியில் வேக்குவம் ஹப்பிலேயே வேலை செய்கிறது. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். டிஃபரன்ஷியல் பக்கத்தில் பிரிக்கிற வகையில் சக்கரத்தோடு டிரைவ் ஷாஃப்டுகள் எப்படியும் சுற்றும், ஆகவே சிவி ஜாயிண்டின் தேய்மானம் மிச்சமாவதில்லை. நம் ஊர் வெயிலில் ரப்பர் குழாய்கள் வெடிப்பு விடும், டேஷ்போர்டில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது முதலில் குழாய்களைப் பாருங்கள், விலையான பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன். இது நன்றாக வேலை செய்தால் மாற்றவே வேண்டாம்.

## டீசல் கணக்கு

மாதம் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் விலையான 3.35 வெள்ளியில் 335 வெள்ளி. ஹப்பை ஃப்ரீயில் விட்டதால் மூன்று விழுக்காடு மிச்சம் என்றே தாராளமாகக் கணக்குப் போடுவோம். மாதம் பத்து வெள்ளி. ஒரு ஜோடி கை ஹப்புக்கு 500 வெள்ளி செலவானால் அது திரும்பி வர நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். முன் டயர்களில் காற்று குறைந்திருப்பதையும், பின்னால் எப்போதும் கிடக்கிற பழைய இரும்புச் சாமான்களையும் முதலில் பாருங்கள். காசு அங்கே போகிறது.

## ஒரே பார்வையில்

| | கை ஹப் | ஆட்டோ ஹப் | ஃபிளேஞ்ச் | வேக்குவம் |
|---|---|---|---|---|
| சேற்றில் உறுதி | பூட்டியிருந்தால் முழுமை | புதிதில் நன்று, பழசில் சந்தேகம் | முழுமை | குழாய்கள் நன்றாக இருந்தால் முழுமை |
| இறக்கத்தில் எஞ்சின் பிடி | விலகாது | சில வகைகளில் விலகும் | விலகாது | விலகாது |
| மறதி | பெரிய அபாயம் | இல்லை | இல்லை | இல்லை |
| முன்பக்கத் தேய்மானம் | ஃப்ரீயில் மிகக் குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| பலவீனமான இடம் | ஓட்டுநரின் பழக்கம் | ஸ்பிரிங், தவறான கிரீஸ் | நெடுஞ்சாலை ஓட்டம் | ரப்பர் குழாய் |

## யாருக்கு எது

ஒரே ஆள் ஓட்டுகிறார், வாரத்தில் சில நாள் தோட்டம், மற்ற நாள் சாலை என்றால் கை ஹப். சந்தேகமே வேண்டாம். பழைய ஆட்டோ ஹப் தேய்ந்துவிட்டவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வண்டியை நாலு பேர் ஓட்டுகிறார்கள், அதில் இருவருக்கு ஹப் என்றால் என்னவென்றே தெரியாது, வண்டி பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது என்றால் ஃபிளேஞ்ச் போட்டுவிடுங்கள். கை ஹப் இருந்தால் லாக்கிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள், பலன் ஒன்றுதான். தேவையில்லாமல் லாக்கில் கிடந்தால் கொஞ்சம் தேய்மானம்தான் நஷ்டம். தேவைப்படும்போது ஃப்ரீயில் கிடந்தால் சரிவில் பாரத்தோடு நிற்போம். இரண்டு மறதியும் ஒரே விலை இல்லை.

அதனால் கை ஹப் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது: மழை மாதங்களில், முக்கியமாக அக்டோபர், நவம்பரில், ஹப்பை லாக்கிலேயே வைத்திருங்கள். தாரில் 2எச்சில் ஓட்டுங்கள், மண்ணில் இறங்கும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே 4எச் போடுங்கள். காய்ந்த மாதங்களிலும் நெடும்பயணத்திலும் ஃப்ரீ. அப்படி ஃப்ரீயிலேயே விடுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது முன்பக்கச் சாமான்களைச் சுற்ற விட வேண்டும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போவதற்காக மாதத்துக்கு 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு. காய்ந்த தாரில் 4எச் போடாமலே அதைச் செய்ய எளிய வழி, ஹப்பை லாக்கில் வைத்து 2எச்சில் ஈப்போ போய் வருவது.

தினமும் பல முறை தாரும் மண்ணும் மாறுகிற புதிய வண்டிக்காரர்கள் வண்டியோடு வந்ததையே பராமரியுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஷாஃப்ட் நுனியின் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள், நுனி ஹப்புக்குள் எவ்வளவு நீளம் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள், போல்ட்டுகள் எத்தனை என்றும் பாருங்கள். ஆட்டோ ஹப்பிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பேரிங்கைப் பிடிக்கும் உள் நட்டும் மாற வேண்டியிருக்கலாம், அது ஜோடியோடு வருகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய ஹப்பைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் காசு கொடுங்கள்.